“ரிப்போர்ட் எல்லாம் நார்மல்” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்: பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

வணக்கம். உடம்புக்கு ஏதாவது என்றால் மக்கள் முதலில் வந்து நிற்பது உங்களிடம்தான். அதனால்தான் குடல் நோய் நிபுணர்களை விட்டுவிட்டு, பொது மருத்துவர்களாகவும் குடும்ப மருத்துவர்களாகவும் இருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். வயிற்று வலியும் மலம் கழிப்பதில் மாற்றமும் விடாமல் தொடரும், இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் எனப்படும் எரிச்சல் குடல் நோயோடு, சுருக்கமாக ஐ.பி.எஸ். என்று நீங்கள் குறிப்பேட்டில் எழுதும் நோயோடு, பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். இதே நோயுள்ள வேறு பலரோடும் பேசிப் பழகியிருக்கிறேன். எங்கள் எல்லோருக்காகவும் உங்களிடம் கேட்க இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. வயிற்று வலி என்று வருகிறவரிடம் கழிப்பறை விஷயத்தை நீங்களாகவே கேளுங்கள். ஐ.பி.எஸ். தான் என்று தெரிந்தால், அதன் பெயரை அன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்.

இது ஏதோ அபூர்வமான நோய் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. இத்தகைய குடல் கோளாறுகளுக்கு வரையறை வகுக்கும் ரோம் அறக்கட்டளை நடத்திய உலகளாவிய ஆய்வு 2021-ல் வெளியானது. 33 நாடுகளில் 73 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. மூளைக்கும் குடலுக்கும் இடையிலான தொடர்பு கெடுவதால் வரும் கோளாறுகளில் ஏதேனும் ஒன்று, இணையம் வழியாகப் பதில் தந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு இருந்தது. ஐ.பி.எஸ். மட்டும் என்று எடுத்துக்கொண்டால், 2016-ல் வந்த நான்காம் ரோம் வரையறையின்படி அவர்களில் 4.1 சதவீதம் பேர். அதற்கு முந்தைய, 2006-ஆம் ஆண்டு வரையறையை வைத்துப் பார்த்தால் அதே மக்களிடம் 10.1 சதவீதம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான ஒரு கணக்கும் சுமார் 11 சதவீதம் என்றே சொன்னது.

நான்குக்கும் பத்துக்கும் இத்தனை இடைவெளி ஏன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய வரையறையில் மாதத்துக்கு மூன்று நாள் வலியோ அசௌகரியமோ இருந்தால் போதும். புதியதில் “அசௌகரியம்” என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாளாவது வலி இருந்தாக வேண்டும். ஆய்வுக்கு இப்படி ஒரு கறாரான அளவுகோல் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரையறைக்கு வெளியே தள்ளப்பட்ட அந்த ஆறு சதவீதம் பேருக்கு ஒரே இரவில் குணமாகிவிடவில்லை. அவர்களும் உங்கள் அறைக்குத்தான் வருகிறார்கள்.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு எண். சில நாடுகளில் இணையம் வழியாகக் கேட்காமல், வீடு வீடாகச் சென்று நேரில் கேட்டார்கள். அங்கே ஐ.பி.எஸ். உள்ளவர்கள் 1.5 சதவீதமே. பழைய வரையறையின்படி பார்த்தாலும் 3.5 சதவீதம்தான். இரண்டு முறைகளிலும் கேட்கப்பட்ட நாடுகள் பெரும்பாலும் வேறு வேறு என்பதால், இந்த வித்தியாசம் முழுவதையும் கூச்சத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு பகுதியாவது உடனே புரிந்துவிடும். திரையில் தோன்றும் கேள்விக்கு “ஆம்” என்று தட்டிவிடலாம். எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகத்தைப் பார்த்து, இன்று காலை எத்தனை முறை கழிப்பறைக்கு ஓடினேன் என்று சொல்வது அவ்வளவு எளிதில்லை.

உங்கள் அறையில் நடப்பதும் இதுதான். நோயாளி வந்து உட்காருகிறார். “வயிறு சரியில்லை டாக்டர், அடிக்கடி வலிக்கிறது” என்கிறார். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, காரம் அதிகம் சேர்ப்பீர்களா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவர் பதில் சொல்கிறார். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு திரும்பிப் போகிறார். வலி வந்தால் கூடவே மலம் கழிக்கும் உந்துதலும் வருகிறது, போய்விட்டு வந்தால் வலி தணிகிறது, சில நாள் தண்ணீராகப் போகிறது, சில நாள் எவ்வளவு முக்கினாலும் வருவதில்லை, போன பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது — இவற்றில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நோயைக் காட்டிக்கொடுப்பதே அவர் சொல்லாமல் விட்ட இந்த விவரங்கள்தான். மலம் கழிப்பதோடு தொடர்புடைய வலி, போகும் தடவைகளில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம்: இம்மூன்றில் இரண்டு, வாரம் ஒரு நாளாவது, கடந்த மூன்று மாதங்களாக, தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ரோம் வரையறை இவ்வளவுதான். இதைக் கண்டறிய இயந்திரம் எதுவும் வேண்டாம், கேட்டால் போதும்.

கேட்க உங்களுக்கும் தயக்கமாக இருந்தால், மேசைக் கண்ணாடிக்கு அடியில் பிரிஸ்டல் மல அட்டவணையின் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். 1997-ல் பிரிஸ்டல் மருத்துவர்கள் வெளியிட்டது. கொட்டைகொட்டையாக இறுகியது முதல் முழுக்க நீராக இருப்பது வரை ஏழு படங்கள். “இதில் உங்களுக்கு எது?” என்று கேட்டுவிட்டு அட்டவணையை நோயாளியின் பக்கம் நகர்த்துங்கள். வாயால் சொல்ல முடியாததை விரலால் காட்டிவிடுவார். ஒன்றையும் இரண்டையும் காட்டினால் மலச்சிக்கல் வகை, ஆறையும் ஏழையும் காட்டினால் வயிற்றுப்போக்கு வகை, இரண்டு முனைகளையும் மாறி மாறிக் காட்டினால் கலப்பு வகை. மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் அதுவே வழி சொல்லிவிடும்.

அடுத்தது பரிசோதனைகள். பல இடங்களில் ஐ.பி.எஸ். என்பது கடைசியில் ஒட்டப்படும் முத்திரையாகவே இருக்கிறது. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி, மறுபடியும் ஸ்கேன் என்று எல்லாவற்றையும் முடித்து, எதிலும் ஒன்றும் கிடைக்காத பிறகு, “ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லப்படுகிறது. அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வெளியே வரும்போது மனம் படும் பாட்டைச் சொல்லியாக வேண்டும். புற்றுநோய் இல்லை என்ற நிம்மதி கொஞ்ச நேரம்தான். மறுநாள் காலை அதே வலி வரும்போது, ஒன்றுமில்லாத ஒன்றுக்காகத் துடிக்கிறோமா, எல்லாம் நம் கற்பனையா என்ற சந்தேகம் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் உள்ளவர்களும் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறார்கள் அல்லவா? அதற்குப் பிறகு அவர்களும் நம்புவதில்லை. அடுத்து என்ன? வேறொரு மருத்துவர், அங்கே முதலிலிருந்து அதே பரிசோதனைகள்.

இதில் உடம்பை அறுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்குப் பித்தப்பை அகற்றும் அறுவை சிகிச்சை மற்றவர்களைவிட மூன்று மடங்கும், குடல்வால் அகற்றுவதும் கருப்பை அகற்றுவதும் இரண்டு மடங்கும் நடந்திருந்ததாக 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. பெயர் வைக்கப்படாத வலிக்கு யாரோ ஒருவர் ஏதோ ஓர் உறுப்பைக் காரணமாகக் காட்டிவிடுகிறார். உறுப்பு போகிறது, வலி அப்படியே இருக்கிறது.

எந்தப் பரிசோதனையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, வயிற்றுப்போக்கு இருந்தால் மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் அளவு: அறிகுறிகள் பொருந்தி வரும் இளவயதினர் பெரும்பாலோருக்கு இவையே போதும். மலத்தில் ரத்தம், முயலாமலே எடை குறைதல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருப்பது, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்குவது — இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஆழமாகத் தேடித்தான் ஆக வேண்டும். குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு இந்த அறிகுறிகள் புதிதாக வந்தால், ஐ.பி.எஸ். என்று எழுதும் முன் சினைப்பைப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும்படி பிரிட்டனில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு வழிகாட்டுகிறது. அந்த வயதில் ஐ.பி.எஸ். முதன்முறையாகத் தலைகாட்டுவது அரிது என்பதே காரணம். இது யாரும் மறக்கக் கூடாத வழிகாட்டல். நான் கேட்பது, தேட வேண்டியவரிடம் தேடுங்கள், மற்றவரிடம் பெயரைச் சொல்லுங்கள் என்பதுதான்.

இந்த நோய் யாருக்கு வருகிறது என்ற கேள்வியிலும் சில பழைய எண்ணங்கள் படிந்து கிடக்கின்றன. பெண்களுக்கு அதிகம் என்பது உண்மை. பல நாட்டுத் தொகுப்பாய்வுகளில் ஆண்களைவிட ஒன்றரை மடங்கு முதல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை வருகிறது. ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் “பதற்றப்படும் இளம்பெண்ணின் நோய்” என்ற சித்திரம் மனத்தில் பதிந்துவிட்டால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. பெண் சொல்லும் வலி பதற்றத்தில் கரைந்து போகிறது. ஆண் வந்தால் இந்த நோயின் நினைப்பே வருவதில்லை.

நீங்கள் நோயாளியிடம் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி, என் கருத்தில், “இது எப்போது தொடங்கியது?” என்பதுதான். எங்களில் பலருக்கு அதற்குத் துல்லியமான விடை உண்டு. ஒரு கடுமையான வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சில நாள் படுக்கை. பிறகு எல்லாம் சரியானது, வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிறிய ஊர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அந்த ஊரின் குடிநீரில் இ.கோலை, காம்பைலோபேக்டர் கிருமிகள் கலந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஊர் மக்களை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அப்போது குடல் தொற்றால் படுத்தவர்களில் 36 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ். இருந்தது, தொற்று வராதவர்களில் 10 சதவீதம். எட்டு ஆண்டு கழித்தும் 15 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அதிலிருந்து விடுபடவில்லை. நார்வேயின் பெர்கன் நகரத்தில் 2004-ல் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி குடிநீரில் பரவியது. மூன்று ஆண்டு கழித்து, பாதிக்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ்.; ஒப்பிடப்பட்ட மற்றவர்களில் 14 சதவீதம்.

இவை பெரிய நோய்ப்பரவல்கள். சாதாரணமாக எடுத்துக்கொண்டால், குடல் தொற்று வந்த பத்துப் பேரில் ஒருவருக்கு இது தொடர்கிறது என்று 2017-ல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. தொற்று வராதவர்களோடு ஒப்பிட்டால் நான்கு மடங்குக்கும் அதிகமான ஆபத்து. பெண்களுக்கு, தொற்று கடுமையாக இருந்தவர்களுக்கு, அந்த நேரத்தில் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டவர்களுக்கு, ஏற்கெனவே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. கோவிட் தொற்றுக்குப் பிறகும் இது வருகிறது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வில், கோவிட் வந்தவர்களில் 3.2 சதவீதம் பேருக்கும் வராதவர்களில் 0.5 சதவீதம் பேருக்கும் புதிதாக ஐ.பி.எஸ். காணப்பட்டது. ஆகவே சாதாரண வயிற்றுப்போக்குதானே என்று ஒருவரை அனுப்பும்போது, “சில வாரத்தில் வயிறு பழைய நிலைக்கு வராவிட்டால் என்னிடம் திரும்பி வாருங்கள்” என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பலருடைய அலைச்சலை மிச்சப்படுத்தும்.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். சிறுவயதில் வன்முறைக்கோ துன்புறுத்தலுக்கோ ஆளானவர்களிடம் அதிகம். ஒற்றைத் தலைவலி, உடல் முழுதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா ஆகியவை உள்ளவர்களிடமும் அதிகம். வேலை நேரமும் இதில் சேர்கிறது. செவிலியர்களிடம் நடத்தி 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், பகல் பணி மட்டும் பார்த்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும், ஷிப்ட் மாறி மாறிப் பார்த்தவர்களில் 48 சதவீதம் பேருக்கும் ஐ.பி.எஸ். இருந்தது. உங்கள் பக்கத்திலேயே நின்று வேலை செய்பவர்கள் அவர்கள். ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இப்போது “எல்லாம் டென்ஷன்தான்” என்ற வாசகத்துக்கு வருகிறேன். இதைக் கேட்காத ஐ.பி.எஸ். நோயாளி இருக்க மாட்டார். பதற்றமும் மனச்சோர்வும் எங்களிடம் அதிகம் என்பதை மறுக்கவில்லை. எது முதலில் வந்தது என்பதுதான் கேள்வி. ஓராண்டு இடைவெளியில் ஒரே மக்களைத் திரும்பக் கண்ட ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மனநிலைக் கோளாறு முந்தியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குடல் கோளாறே முந்தியிருந்தது. 2021-ல், ஐம்பத்து மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.பி.எஸ். நோயாளிகளின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்தவர்கள், இந்த நோயோடு தொடர்புடைய ஆறு மரபணு இடங்களைக் கண்டார்கள். அவற்றில் சில, பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் பகிர்ந்துகொள்ளப்பட்டவை. பதற்றம் குடலைக் கெடுக்கிறது என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்ள முடியாது. ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைக்கின்றன.

குடலில் ஒன்றுமில்லை என்பதும் சரியில்லை. 1973-லேயே ஒரு பரிசோதனை செய்தார்கள். பெருங்குடலின் கீழ்ப்பகுதிக்குள் ஒரு சிறிய பலூனைச் செலுத்திக் காற்றை நிரப்பினார்கள். 60 மில்லி அளவு வந்தபோது, நோயில்லாதவர்களில் 6 சதவீதம் பேருக்கு மட்டுமே வலித்தது. ஐ.பி.எஸ். உள்ளவர்களில் 55 சதவீதம் பேருக்கு வலித்தது. அதே பலூன், அதே காற்று. எங்கள் குடலின் நரம்புகள் சாதாரண அசைவையே வலியாக மூளைக்கு அனுப்புகின்றன. ஸ்கேனில் இது தெரியாது. தெரியாத காரணத்தால் இல்லாததாகிவிடாது.

இந்த நோய் உயிரைக் குடிப்பதில்லை, ஆயுளைக் குறைப்பதில்லை, புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் நாட்களைத் தின்றுவிடுகிறது. சுமார் இரண்டாயிரம் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், அறிகுறியே இல்லாமல் வாழ எத்தனை ஆண்டு ஆயுளை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 15 ஆண்டு, அதாவது மிச்சமிருக்கும் வாழ்நாளில் கால் பங்கு, என்று பதில் வந்தது. உங்களுக்கு மிகையாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. புதிய கட்டடத்துக்குள் நுழைந்தவுடன் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தேடுகிறவர்கள் நாங்கள். நீண்ட பயணம் என்றால் முந்தின நாள் மாலையிலிருந்தே பட்டினி கிடப்போம். நேர்முகத் தேர்வு, திருமணம், தேர்வு, இறுதிச் சடங்கு என்று தள்ளிப்போட முடியாத எதுவானாலும், அன்றைய காலையை வயிறுதான் தீர்மானிக்கிறது.

சிகிச்சை உங்கள் கைக்கு எட்டாத தொலைவில் இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். குடல் இசிவைத் தணிக்கும் மருந்துகள், கரையும் நார்ச்சத்து, வயிற்றுப்போக்குக்கும் மலச்சிக்கலுக்கும் உரிய மருந்துகள் எல்லாம் நீங்கள் தினமும் எழுதுபவைதான். அவை போதாதபோது என்ன செய்வது என்பதற்கு 2023-ல் வெளியான அட்லாண்டிஸ் ஆய்வு வழிகாட்டுகிறது. இங்கிலாந்தில் 55 பொது மருத்துவர் நிலையங்களில், 463 நோயாளிகளுக்குக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் அல்லது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான, மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். 10 மில்லிகிராமில் தொடங்கி, தேவைக்கேற்ப 30 வரை. அமிட்ரிப்டிலின் எடுத்தவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. பொது மருத்துவரின் அறையிலேயே நடந்த ஆய்வு இது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். அந்த மாத்திரை ஏன் தரப்படுகிறது என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எழுதிக் கொடுத்தால், நோயாளி வீட்டுக்குப் போய் அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்துப் படிப்பார். மனச்சோர்வுக்கான மருந்து என்று அதில் இருக்கும். “அப்படியென்றால் எனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரா?” என்று கேட்டு, முதல் மாத்திரையைக்கூட விழுங்காமல் வைத்துவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். “இந்த அளவில் இது மனத்துக்கான மருந்தில்லை, குடலிலிருந்து வரும் வலிச் செய்தியைத் தணிக்கிறது” என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

உணவிலும் உங்கள் வழிகாட்டல் வேண்டும். குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும் சில வகைச் சர்க்கரைகளைக் குறைக்கும் ஃபோட்மேப் உணவுமுறை, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது. பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் அது சில வாரத்துக்கான சோதனை. விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. இதைச் சொல்ல யாருமில்லாமல், ஒன்றொன்றாக ஒதுக்கிக்கொண்டே போய், கடைசியில் நாலைந்து பண்டங்களை மட்டும் உண்டு மெலிந்துபோனவர்கள் உண்டு. உணவியல் நிபுணர் ஒருவரிடம் அனுப்பிவையுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், குடலுக்கென்றே வடிவமைத்த ஹிப்னோதெரபி என்ற மனவசியச் சிகிச்சையும் பலருக்கு உதவுகின்றன. அவற்றைப் பரிந்துரைக்கும்போதும், இது மனநோய் என்பதால் அனுப்பவில்லை என்று சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே ஐ.பி.எஸ். என்று பெயர் பெற்றவர்களுக்காகவும் கேட்கிறேன். பெயர் கிடைத்த பிறகு, வயிற்றில் எது நடந்தாலும் அந்தப் பெயரின் கீழேயே எழுதிவிடும் பழக்கமும் இருக்கிறது. பல ஆண்டாக ஐ.பி.எஸ். உள்ள ஒருவர் ஒரு நாள் வந்து, “டாக்டர், இது வழக்கமான வலி மாதிரி இல்லை” என்றால் அவரை நம்புங்கள். தன் வயிற்றின் வழக்கமான வலி எது என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ரத்தம் போகிறதா, எடை குறைந்திருக்கிறதா என்று அன்றைக்கும் புதிதாக வந்தவரைக் கேட்பது போலவே கேட்டு, படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

நன்றியுடன்,
ஐ.பி.எஸ். நோயாளி ஒருவர்